சொந்த ஊரில் சபராளிகள்

நம் வீடுகளில் உள்ள பழைய புகைப்படங்களைக் கண்டிருப்போர் அந்தத் தொப்பியை மறந்திருக்க மாட்டார்கள். படத்தில் அது கறுப்பாகத்தான் தெரியும். ஆயினும் அதன் நிறம் சிவப்பு என்பதையும், உச்சியிலிருந்து தொங்குவது கறுப்புப் பட்டுக் குஞ்சம் என்பதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துருக்கித் தொப்பி என்பது அதற்கு நம்மவர் இட்ட பெயர். கிலாபத் இயக்கம் ஓங்கியிருந்த 1919 முதல் 1924 வரையிலான ஆண்டுகளில் அதை அணிந்தவர், தாம் உலக முஸ்லிம்களுடன் ஒரே வரிசையில் நிற்பதாக உணர்ந்தார். துருக்கியைக் கண்ணால் கண்டிராதவரும் தலையில் துருக்கியைச் சுமந்து நடந்தார்.

அந்தப் படங்கள் சிலவற்றின் பின்புறம் எழுதப்பட்டுள்ள ஆண்டுகளைப் பார்க்கும்போது நமக்கு ஒரு வியப்பு எழுவதுண்டு. 1928, 1931, 1936 என்றெல்லாம் காண்கிறோம். அவ்வாண்டுகளில் அதே தொப்பியுடன் துருக்கியின் ஏதேனும் ஒரு தெருவில் நம் பாட்டனார் நடந்திருந்தால், காவலர் பிடித்துச் சென்றிருப்பார். ஏனெனில் 1925 நவம்பர் 25ஆம் நாளன்று துருக்கி நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அது விலக்கப்பட்ட உடையாயிற்று. துருக்கியன் கழற்றி எறிந்த தொப்பியை நாம் பல ஆண்டுகள் துருக்கியின் பெயராலேயே அணிந்து வந்தோம்.

வேகமாக மாறும் சமுதாயத்தில் மனிதன் தன்னவரிடையே அந்நியனாகிறான், தன்னிடமிருந்தே அந்நியனாகிறான் என்று சமூகவியல் அறிஞர்கள் பலவாறு எழுதியுள்ளனர். இதைப் பொதுப்படப் பேசிக்கொண்டே போனால் காற்றோடு பேசியதாகத்தான் முடியும். ஆகவே ஒரு நாட்டையும் ஒரு காலத்தையும் எடுத்துக்கொள்வோம். 1925 முதல் 1935 வரையிலான பத்தாண்டுகளில் துருக்கியில் வாழ்ந்த ஒரு நடுவயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருடைய தலையணி மாறியது, கடிகாரமும் நாட்காட்டியும் மாறின, திருமணத்தையும் வாரிசுரிமையையும் ஆளும் சட்டம் மாறியது, எழுத்து மாறியது, பாங்கின் மொழி மாறியது, பெயர் மாறியது, வாரத்தின் ஓய்வு நாளும் மாறியது. அவர் குடியிருந்த வீடு மட்டும் அதே தெருவில் அப்படியே இருந்தது.

துருக்கியர் தம் மொழியில் ‘குர்பத்’ என்றொரு சொல்லை வைத்திருக்கிறார்கள். ஊரை விட்டு அயல்நாட்டில் வாழ்வதன் ஏக்கத்தைக் குறிக்கும் சொல் அது. கடல் கடந்து பொருள் தேடிய சபராளிகளின் வழிவந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சபராளிக்கு ஓர் ஆறுதல் உண்டு. திரும்பி வர ஊர் இருக்கிறது. ஊரிலேயே இருந்துகொண்டு சபராளியாகிவிட்டவர் எங்கே திரும்புவார்?

இதனைச் சொல்லும்போது முஸ்தபா கமாலுக்கு அநீதி செய்துவிடக் கூடாது. முதல் உலகப் போருக்குப் பின் இஸ்தான்புல் அந்நியப் படைகளின் பிடியில் இருந்தது. அனத்தோலியாவைக் கூறு போடத் திட்டம் தயாராகியிருந்தது. அந்நிலையிலிருந்து நாட்டை மீட்டவர் அவர். 1923இல் லோசான் உடன்படிக்கை கையெழுத்தாகி, அக்டோபர் 29ஆம் நாள் குடியரசு பிறந்தது. 1924 மார்ச் 3ஆம் நாள் கிலாபத் ஒழிக்கப்பட்டபோது இந்திய முஸ்லிம்கள் இடிந்து போனதை நாம் அறிவோம். எனினும் நாம் பேச வந்தது அரசியலன்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒரு சாதாரண மனிதனின் உள்ளத்தில் நிகழ்ந்தது.

முதலில் தொப்பி. இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிவப்புத் தொப்பியும் துருக்கியரின் பழம்பெரும் உடையன்று. 1826இல் ஜானிஸாரிப் படையை ஒழித்த சுல்தான் இரண்டாம் மஹ்மூது, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அத்தொப்பியை முதலில் படையினருக்கும், 1829இல் அரசு அலுவலர்களுக்கும் கட்டாயமாக்கினார். தலைப்பாகையைத் துறக்கச் சொல்கிறாரே என்று அன்று முணுமுணுத்தவர்கள் பலர். நூறாண்டு நிறைவதற்குள் அதுவே முஸ்லிமின் அடையாளமாகி, அதைக் கழற்றச் சொன்னபோது உயிரையும் கொடுக்கச் சிலர் முன்வந்தனர். பாட்டனார் வேண்டா வெறுப்பாக அணிந்ததைப் பேரன் வேண்டி விரும்பிக் காத்தான். இதை எண்ணிச் சிலர் நகைப்பார்கள். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. மூன்று தலைமுறை ஒரு பொருளோடு வாழ்ந்து, அதை அணிந்து தொழுது, அணிந்து மணம் முடித்து, அணிந்தவாறே ஜனாஸா சுமந்த பிறகு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பொருள் இல்லாமல் போய்விடுகிறது.

1925 ஆகஸ்டில் முஸ்தபா கமால் கஸ்தமோனு மாநிலத்துக்குச் சென்றார். பனாமா தொப்பியுடன் வந்த அவரை மக்கள் வியந்து பார்த்தனர். நாகரிக உலகின் உடை இதுவே என்று கஸ்தமோனுவிலும், இனெபோலு என்னும் கடற்கரை ஊரிலும் சொற்பொழிவாற்றினார். அதுவரை துருக்கி மொழியில் ‘ஐரோப்பியத் தொப்பி அணிதல்’ என்ற தொடருக்கே மார்க்கத்தைத் துறத்தல் என்ற பொருள் வழங்கியது. மேலும் ஒரு நடைமுறை இடர்ப்பாடு. சிவப்புத் தொப்பிக்கு விளிம்பு கிடையாது. சஜ்தாவில் நெற்றி தரையில் படும். ஐரோப்பியத் தொப்பியின் விளிம்பு குறுக்கே நிற்கும். எளிய மக்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். முன்புறம் மட்டும் விளிம்புள்ள தொப்பியை வாங்கி, தொழும்போது பின்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டனர். பள்ளிவாசலுக்குள் ஒரு முகமும் வெளியே ஒரு முகமுமாக அத்தொப்பி இருந்தது போலவே மனிதரும் இருக்கப் பழகினர்.

பழக முடியாதவர்களும் இருந்தனர். எர்சுரூம், சிவாஸ், மராஷ், ரிஸே முதலிய ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. சுதந்திர நீதிமன்றங்கள் என்ற பெயர் கொண்ட மன்றங்கள் தூக்குத் தண்டனை விதித்தன. இஸ்கிலிப் ஊரைச் சேர்ந்த ஆதிப் ஹோஜா என்ற ஆலிம், ஐரோப்பியரைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்து 1924இல் ஒரு சிறுநூல் வெளியிட்டிருந்தார். தொப்பிச் சட்டம் அதன் பின்னரே வந்தது. ஆயினும் அந்நூல் காரணமாக அவர் பிடிக்கப்பட்டு, 1926 பிப்ரவரி 4ஆம் நாள் அங்காராவில் தூக்கிலிடப்பட்டார். சட்டம் பிறக்கும் முன் எழுதியதற்குச் சட்டம் பிறந்த பின் தண்டனை! இதை எந்த முன்னேற்றத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியும் என்று நாம் கருதவில்லை.

அடுத்தது நேரம். 1926 ஜனவரி முதல் நாளிலிருந்து துருக்கி ஐரோப்பிய நாட்காட்டியையும் நள்ளிரவில் தொடங்கும் இருபத்துநான்கு மணிக் கணக்கையும் ஏற்றது. அதற்கு முன் அங்கே மஃரிபு வேளையில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும். அத்துடன் நாள் முடிந்து புதிய நாள் பிறக்கும். வியாழன் மாலை மஃரிபு ஆனதும் ‘வெள்ளி இரவு’ என்று சொல்லி யாசீன் ஓத அமரும் நம் வீட்டாருக்கு இந்தக் கணக்கு புதிதன்று. பொழுது சாயும் நேரம் நாளுக்கு நாள் நகர்வதால் கடிகாரத்தையும் அடிக்கடி திருத்த வேண்டும். இதற்காகவே பெரிய பள்ளிவாசல்களை ஒட்டி ‘முவக்கித்கானா’ என்னும் அறைகள் இருந்தன. அங்கு அமர்ந்திருக்கும் முவக்கித், வானைக் கணித்துக் கடிகாரங்களைச் சரியாக வைத்திருப்பார். வழிப்போக்கர் சாளரத்தருகே நின்று தம் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு போவார்.

கவிஞர் அஹ்மத் ஹாஷிம் 1921இலேயே ‘முஸ்லிம் நேரம்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். சட்டம் வருவதற்கு முன்பே ஐரோப்பியக் கடிகாரம் நகரத்தைப் பிடித்துக்கொண்டதைக் கண்டு வருந்தியவர் அவர். ஒளியில் தொடங்கி ஒளியில் முடிந்த நாள் போய்விட்டதென்றும், வைகறையைக் காண்பவர் அருகிவிட்டனர் என்றும் குறைப்பட்டார். பின்னாளில் அஹ்மத் ஹம்தி தான்பினார் என்னும் பெரும் எழுத்தாளர் இதே பொருளை நகைச்சுவையாக்கினார். 1954இல் தொடராக வந்து பின்னர் நூலான அவருடைய நாவலில், நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரே நேரம் காட்டச் செய்வதற்காக ஒரு நிறுவனம் தோன்றுகிறது. தவறான நேரம் காட்டும் கடிகாரத்துக்கு அபராதம் விதிக்கிறது. அந்நிறுவனத்தில் பெரும் பதவி பெறும் கதைத்தலைவன், சிறுவயதில் ஒரு முவக்கித்தின் காலடியில் அமர்ந்து கடிகாரம் பழுதுபார்க்கக் கற்றவன். அவன் எந்த நேரத்துக்கு உரியவன் என்பது அவனுக்கே விளங்குவதில்லை. சிரித்துக்கொண்டே படிக்கலாம், மூடிவைத்த பிறகு சிரிப்பு நிற்காது.

தொப்பியும் கடிகாரமும் மனிதனின் புறத்தே இருப்பவை. எழுத்து அப்படியன்று.

1928 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு இஸ்தான்புல்லில் ஒரு பூங்காவில் நடந்த விழாவில், துருக்கி மொழியை இனி லத்தீன் எழுத்தில் எழுதப்போவதாக முஸ்தபா கமால் அறிவித்தார். இம்மாற்றத்துக்கு ஐந்தாண்டுகள் வேண்டுமெனச் சிலரும், பதினைந்தாண்டுகள் வேண்டுமெனச் சிலரும் கூறியபோது, மூன்று மாதத்தில் நடந்தால் நடந்தது, இல்லையேல் நடக்கவே நடக்காது என்று அவர் சொன்னதாக உடனிருந்த எழுத்தாளர் பாலிஹ் ரிப்கி எழுதியிருக்கிறார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் முதல் நாள் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் முதல் செய்தித்தாள்களும், 1929 ஜனவரி முதல் நூல்களும் இருபத்தொன்பது புதிய எழுத்துகளில் மட்டுமே அச்சாகலாயின.

அரபு எழுத்தில் துருக்கி மொழிக்குக் குறை இருந்தது என்பதை மறுக்க முடியாது. துருக்கி மொழியில் எட்டு உயிரொலிகள் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்ட அரபு எழுத்தில் வழி போதாது. ‘ஆனான்’ என்னும் பொருளுடைய சொல்லும் ‘இறந்தான்’ என்னும் பொருளுடைய சொல்லும் ஒரே எழுத்துக்கோவையாக எழுதப்பட்டன. ஒருவர் பாஷா ஆனாரா, பாஷா இறந்தாரா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும்! 1927இல் எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. புதிய எழுத்தைக் கற்பிக்க ‘மக்கள் பள்ளிகள்’ திறக்கப்பட்டன. 1935இல் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் படிக்கத் தெரிந்தவராயினர். அதற்கு முன் எழுத்தையே அறியாதிருந்த குடியானவனுக்கு இது ஒரு கதவு திறந்தது போன்றது. அவன் எதையும் இழக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

இழந்தவர் அந்தப் பத்தில் ஒருவர். ஆசிரியர், எழுத்தர், இமாம், புத்தக வணிகர், வீட்டில் ஓதக் கற்ற பெண்மணி ஆகியோர் ஒரு புத்தாண்டு நாளில் விழித்தபோது கடைப்பலகையைப் படிக்க இயலாதவர்களாக இருந்தனர். செய்தித்தாள்களின் விற்பனை சரிந்து, அவை பிழைத்திருக்க அரசு பொருளுதவி செய்ய நேர்ந்தது. திருக்குர்ஆன் மக்காவில் அருளப்பட்டது, கெய்ரோவில் ஓதப்பட்டது, இஸ்தான்புல்லில் எழுதப்பட்டது என்று உலகம் புகழ்ந்த எழுத்தணிக் கலைஞர்களின் கை வேலையற்றுப் போயிற்று. படித்தவர்கள் புதிய எழுத்தை விரைவில் கற்றுக்கொண்டார்கள். அலுவலகத்தில் அதில் எழுதினார்கள். ஆனால் தம் சொந்தக் குறிப்புகளை, நாட்குறிப்பை, கடைக்கணக்கை இறக்கும் வரை வலமிருந்து இடமாகவே எழுதிய பலர் அத்தலைமுறையில் உண்டு. தந்தை தமக்குள் பேசிக்கொண்டதை மகன் படிக்க முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையின் இரு புறம் அமர்ந்திருந்த இருவருக்கிடையே நாடாளுமன்றம் ஒரு சுவரெழுப்பிவிட்டது.

அத்துடன் நிற்கவில்லை. 1932இல் மொழிக் கழகம் நிறுவப்பட்டு, அரபு, பார்ஸிச் சொற்களை அகற்றிப் புதுச் சொற்களைப் படைக்கும் பணி தொடங்கியது. இதன் விளைவாக நேர்ந்த ஒன்றை வரலாற்றின் விளையாட்டு என்றே கூற வேண்டும். முஸ்தபா கமால் 1927 அக்டோபரில் ஆறு நாட்கள் தொடர்ந்து ஆற்றிய புகழ்பெற்ற உரை, பழைய எழுத்தில், பழைய சொற்களில் அச்சானது. 1960களில் இளைஞருக்கு அது விளங்கவில்லை. அதைத் துருக்கி மொழியிலிருந்தே துருக்கி மொழிக்குப் பெயர்த்து வெளியிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்நியராவது என்ற விதி சட்டம் செய்தவரையும் விடவில்லை.

பெயர் மாற்றத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1934 ஜூன் 21ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பெயர் கொள்ள வேண்டுமென்றது. நாடாளுமன்றம் முஸ்தபா கமாலுக்கு ‘அத்தாதுர்க்’ என்ற பெயரைச் சூட்டியது. ‘துருக்கியரின் தந்தை’ என்பது பொருள். அதே நவம்பரில் பாஷா, பே, எஃபந்தி, ஹோஜா, ஹாஜி, ஹாபிஸ் என்ற அடைமொழிகளெல்லாம் விலக்கப்பட்டன. குடும்பப் பெயரில் ‘ஸாதே’ என்றோ ‘பின்’ என்றோ வரக்கூடாது என்றும் விதி செய்தனர். நிக்காஹ் பதிவேட்டில் ‘இன்னார் பின் இன்னார்’ என்று எழுதியே பழகிய நமக்கு, அந்த ஒரு சிறு சொல்லுக்குள் எத்தனை தலைமுறை நிற்கிறது என்று தெரியும். பதிவு அலுவலகத்துக்குத் தனித்தனியே சென்ற அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப் பெயரோடு திரும்பிய வீடுகளும் உண்டு.

இவ்வளவையும் ஓர் உயிரில் வைத்துக் காண விரும்புவோர் கவிஞர் முஹம்மது ஆகிபின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1873இல் பிறந்த அவர் தொழிலால் கால்நடை மருத்துவர். விடுதலைப் போரின்போது ஊர் ஊராகச் சென்று பள்ளிவாசல் மிம்பர்களில் நின்று மக்களை எழுப்பினார். 1921 மார்ச் 12ஆம் நாள் நாடாளுமன்றம் ஏற்ற துருக்கியின் தேசிய கீதம் அவர் எழுதியது. அதற்கான ஐந்நூறு லிராப் பரிசைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அறத்துக்குக் கொடுத்துவிட்டார். அக்கவிதை சமுதாயத்துக்குரியது என்று கூறித் தம் கவிதைத் தொகுப்பில்கூட அதைச் சேர்க்கவில்லை.

எந்தக் குடியரசுக்குக் கீதம் தந்தாரோ அக்குடியரசில் அவரால் இருக்க முடியவில்லை. எகிப்து சென்று கெய்ரோவுக்கருகிலுள்ள ஹுல்வானில் தங்கினார். பல்கலைக்கழகத்தில் துருக்கி மொழி கற்பித்தார். 1925இல் துருக்கியின் சமயத் துறை, திருக்குர்ஆனைத் துருக்கி மொழியில் பெயர்க்கும் பொறுப்பை அவரிடமும், விரிவுரை எழுதும் பொறுப்பை எல்மாலி ஹம்தி என்ற பேரறிஞரிடமும் ஒப்படைத்திருந்தது. ஹம்தியின் தப்ஸீர் 1935 முதல் பல பாகங்களாக வெளிவந்து இன்றளவும் போற்றப்படுகிறது. ஆகிபோ பல்லாண்டு உழைத்துப் பெயர்த்து முடித்த நிலையில் தயங்கினார். 1932இல் இஸ்தான்புல் பள்ளிவாசல்களில் திருக்குர்ஆன் துருக்கி மொழியில் ஓதப்பட்ட செய்தியும், பாங்கும் துருக்கி மொழிக்கு மாறிய செய்தியும் அவரை எட்டின. மூலத்தை அகற்றிவிட்டுத் தம் பெயர்ப்பைத் தொழுகையில் வைத்துவிடுவார்களோ என்று அஞ்சினார். ஒப்பந்தத்தை முறித்து, பெற்ற முன்பணத்தையும் திருப்பித் தந்தார். 1936 ஜூனில் நோயாளியாகத் தாயகம் திரும்பியபோது, கையெழுத்துப் பிரதியைக் கெய்ரோவில் இஹ்ஸான் எஃபந்தி என்ற நண்பரிடம் விட்டுச் சென்றார். தாம் திரும்பி வராவிட்டால் அதை எரித்துவிடும்படி சொல்லியிருந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் ஆகிப் காலமானார். அரசின் சார்பில் இறுதி மரியாதை ஏதும் இல்லை. செய்தியறிந்த பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டு வந்து, வெறுமையாக இருந்த சந்தூக்கின் மீது நாட்டுக் கொடியைப் போர்த்தி, எதிர்னெகாப்பி மையவாடி வரை தோளில் சுமந்து சென்றனர். நண்பரோ பிரதியை எரிக்க மனம் வராமல் கால் நூற்றாண்டு பாதுகாத்தார். 1961இல் அவர் இறந்த பின், அவருடைய சொற்படி அவரைச் சேர்ந்தவர்கள் கெய்ரோவில் அதை நெருப்பிலிட்டனர். ஒரு பகுதியின் படி மட்டும் எப்படியோ தப்பி, தவ்பா அத்தியாயம் வரையிலான பெயர்ப்பு 2012இல் நூலாக வந்துள்ளது. ஒரு மனிதர் தம் வாழ்வின் பெரும்பணியைத் தம் மக்களிடம் கொடுக்க அஞ்சி நெருப்பிடம் கொடுக்கச் சொன்னாரே, அந்த அச்சத்தை எந்தச் சமூகவியல் நூலின் அட்டவணையிலும் நாம் கண்டதில்லை.

காலிதா அதீப் ஹானமும் விடுதலைப் போரில் முன்னின்றவர்; அவரும் நாடு துறந்து பல்லாண்டு வாழ நேர்ந்தது. 1935இல் இந்தியாவுக்கு வந்து டில்லி ஜாமியா மில்லியாவில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். துருக்கியில் கிழக்கும் மேற்கும் மோதுவதைப் பற்றித் துருக்கியரிடம் பேச முடியாதவர் நம் நாட்டு முஸ்லிம்களிடம் பேசினார்.

மாற்றத்தை வரவேற்றவர்கள் மட்டும் தனிமையை அறியாதவர்களா? அங்காராவுக்கு அருகிலிருந்த பல்காத் என்ற சிற்றூரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் டேனியல் லெர்னர் 1958இல் வெளியிட்ட நூலில் எழுதியிருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. 1950இல் அவ்வூரில் விசாரித்தபோது, நாட்டின் அதிபரானால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு ஓர் இடையர் அதிர்ந்து போனார். தம்மை வேறொருவராகக் கற்பனை செய்வதே அவருக்கு முறையற்றதாகத் தோன்றியது. ஊர்த் தலைவர் தம் மக்களும் தம்மைப் போல் வீரராக வேண்டுமென்றார். மளிகைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் நகரத்தில் பெரிய கடை வைப்பதைப் பற்றிக் கனவு கண்டார். கழுத்தில் டை கட்டியிருந்தார். அதற்காகவே ஊரார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தனர். நான்காண்டுகள் கழித்து லெர்னர் நேரில் சென்றபோது பேருந்து வந்திருந்தது, நிலத்தை விட்டு ஆலைக்குப் போகத் தொடங்கியிருந்தனர், தலைவரின் மைந்தர் இருவரும் கடைக்காரர்களாகியிருந்தனர். மளிகைக்காரர் இறந்துவிட்டிருந்தார். அவர் சொன்னதே நடந்தது என்று இப்போது ஊரார் அவரை மெச்சினர். முன்னே ஓடியவரும் பின்னே நின்றவரும் ஒரே தனிமையைத்தான் அனுபவித்திருக்கிறார்கள். லெர்னர் அந்தக் கடைக்காரரிடம் வருங்காலத்தைக் கண்டார். பேச ஆளில்லாமல் செத்துப்போன ஒரு மனிதராகவே நமக்கு அவர் தெரிகிறார்.

1950 ஜூன் 16ஆம் நாள் புதிய அரசு அரபியில் பாங்கு சொல்வதற்கான தடையை நீக்கியது. முதியோர் தெருவில் நின்று அழுதார்களாம். ஆனால் அன்று பதினெட்டு வயதுக்குட்பட்டிருந்த பிள்ளைகள் மினாராவிலிருந்து துருக்கி மொழிப் பாங்கை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். பாட்டனாருக்குத் திரும்பி வந்தது பேரனுக்குப் புதிதாக வந்தது. இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று ஒரே ஓசையைத்தான் கேட்டார்கள்.

இதையெல்லாம் துருக்கியரின் கதை என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. அரபுத் தமிழ் என்று ஒன்று நமக்கும் இருந்ததே! தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகள் இட்டு எழுத்துகளைக் கூட்டி, அரபு எழுத்தில் தமிழை எழுதிய முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இயற்றிய மகானி போன்ற சட்ட நூல்களை நம் பெண்கள் வீட்டிலிருந்தே ஓதி அறிந்தது அந்த எழுத்தில்தான். கல்லச்சில் அச்சான அக்கிதாபுகள் கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. அதை ஒழிக்க எவரும் சட்டம் இயற்றவில்லை. யாரும் தூக்கில் தொங்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், தமிழ்ப் பாடநூல் மலிவாகக் கிடைத்தது, வேலைக்கு அது போதுமாயிருந்தது, அவ்வளவே. துருக்கியில் மூன்று மாதத்தில் ஓசையோடு நடந்தது நம்மிடையே இரண்டு தலைமுறைக்குள் ஓசையின்றி முடிந்தது. ஓசையின்றி முடிந்ததனால் அதற்காக அழவும் நாம் அறியவில்லை.

நம் பாட்டியாரின் கிதாபு ஒன்று வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. அதன் முதல் ஏட்டில், அச்சுக்கு வெளியே, மசியால் எழுதிய சில வரிகள் உண்டு. துஆ என்று எண்ணிப் பல்லாண்டு முத்தமிட்டு மூடி வைத்துவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வந்த முதிய ஆலிம் ஒருவரிடம் காட்டியபோது, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்ல வாசித்தார். அது துஆ அன்று. வீட்டில் பிறந்த குழந்தைகளின் பட்டியல், பிறை கணக்கோடும் வக்தோடும். நம் வாப்பாவின் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் இருந்தது. ஒரு பெண் குழந்தை. பிறந்து நாற்பது நாள் ஆகும் முன் மௌத்தானதாக எழுதியிருந்தது. வாப்பாவுக்கு மூத்த பிள்ளை ஒன்று இருந்ததை வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. வாப்பாவும் அறியாமலே காலமானார்கள். ஆலிம் அந்தப் பெயரை இரண்டாம் முறை படித்துக் காட்டினார். நாம் அதைத் தமிழில் எழுதிக்கொண்டோம்.